பம்பாயில் பிறந்த கலமும் பம்பாயில் மறைந்த கலமும்

மும்பை மாநகரின் தென்முனையில், கோட்டைப் பகுதியின் பழைய தெருக்களைக் கடந்து கடற்படைத் தளத்தின் நெடுமதிலை ஒட்டி நடப்போர் பலர். மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் நாள்தோறும் மின்வண்டி ஏறி அப்பக்கம் அலுவலுக்குச் செல்லும் நம்மவரும் அவர்களுள் உண்டு. அம்மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நின்று கேட்பவர் அரியர். நானும் முப்பது ஆண்டுகள் கேளாமலே நடந்தவன்தான்.

மதிலுக்கு அப்பால் இருப்பவை கல்லால் கட்டிய உலர்துறைகள். கப்பலை உள்ளே விட்டு, வாயிற்கதவை அடைத்து, நீரை வெளியேற்றி, அடிப்பாகம் வரை ஆள் இறங்கிப் பழுது பார்ப்பதற்குரிய பள்ளங்கள் அவை. 1750ஆம் ஆண்டில் முடிந்த முதல் துறை ஆசியாவிலேயே முந்தியது எனக் கூறுவர். 1810ஆம் ஆண்டில் அதனினும் பெரிதாக டங்கன் துறை எழுந்தது. இத்துறைகளின் வரலாறு ஒரு குடிபெயர்ந்த குடும்பத்தின் வரலாறாகவும் இருப்பது நம்போல் ஊர்விட்டு ஊர் வந்தோர்க்குச் சுவை தருவதாகும். 1736ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர், தம்முடன் சில தச்சர்களை அழைத்துக்கொண்டு, கிழக்கிந்தியக் கும்பினியாரின் வேண்டுகோளுக்கிணங்கப் பம்பாய் வந்து சேர்ந்தார். அன்று தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பம்பாய்க் கப்பல்தளத்தின் தலைமைத் தச்சர் பதவி அக்குடும்பத்தைவிட்டு அகலவில்லை.

அக்குடியின் மூன்றாம் தலைமுறையில் தோன்றியவர் ஜம்ஷெட்ஜி பமன்ஜி வாடியா. ஆங்கிலக் கடற்படைக்கென 74 பீரங்கிகள் தாங்கிய மிண்டன் என்னும் பெருங்கலத்தை 1810ஆம் ஆண்டில் கட்டி நீரில் இறக்கியவர் அவரே. 1813ஆம் ஆண்டில் கார்ன்வாலிஸ் என்னும் மற்றொரு பெருங்கலம் அவர் கையால் உருப்பெற்றது. 1842ஆம் ஆண்டில் சீனம் ஹாங்காங் தீவை ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது அக்கார்ன்வாலிஸ் கப்பலில்தான். ஜம்ஷெட்ஜியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1800ஆம் ஆண்டில் தாம் முடித்த கப்பலொன்றின் உட்புற மரத்தில், 'இதைக் கட்டியவன் ஒரு கறுப்பன்' என்னும் பொருள்பட, ஆங்கிலேயர் தம்மை ஏசிய சொற்களையே அவர் செதுக்கி வைத்தார் என்பது அக்கதை. அது மெய்யாயின், தொழிலில் தோற்காத ஒருவரின் குறும்பு என்று அதனைக் கொள்ளலாம்.

ஆங்கிலேயர் தம் போர்க்கப்பலைப் பம்பாயில் கட்டக் காரணம் யாது? நெப்போலியனோடு நிகழ்ந்த நெடும்போரில் அவர்தம் கருவாலிக் காடுகள் தேய்ந்துபோயின. நெல்சனின் விக்டரிக் கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ 6,000 மரங்கள் வீழ்த்தப்பட்டன என்பர். இந்நிலையில் மலபாரின் தேக்கு அவர்கள் கண்ணில் பட்டது. கருவாலி மரத்தில் உள்ள துவர்ப்பொருள் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் இயல்பாக ஊறிய எண்ணெயோ ஆணியைத் துருவினின்றும் மரத்தை உளுப்பினின்றும் காக்கும். ஆங்கிலேயர் இம்மரத்தைக் குறிக்க வழங்கும் சொல்லும் நம்முடையதே. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் தேக்கு என்னும் பெயர், போர்ச்சுகீசியர் நாவின் வழியாக அவர்தம் மொழியில் ஏறியது.

இத்தேக்கைக் கொண்டு ஜம்ஷெட்ஜி கட்டிய மற்றொரு கப்பலே இக்கட்டுரையின் தலைவி. அதன் பெயர் டிரிங்கோமலி. சம்பந்தர் பாடிய கோணமாமலைத் திருத்தலம் அமைந்த நம் திருகோணமலையே ஆங்கில நாவில் அவ்வாறு மருவிற்று. 1782ஆம் ஆண்டில் அத்துறைமுகத்தை அடுத்த கடலில் ஆங்கிலக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் பொருதன. அப்போரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

இக்கப்பலுக்கு 1812ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஆணை பிறந்தது. வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பல், அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்கரின் கான்ஸ்டிட்யூஷன் என்னும் போர்க்கப்பலிடம் தோற்று அழிந்தது; படங்களும் அதனோடு போயின என்பர். மறுபடியும் படம் வந்து, மரம் சேர்ந்து, அடிமரம் நாட்டப்பட்டது 1816ஆம் ஆண்டில். பார்சியர் மரபுப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து சடங்கு செய்தனர். 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. கட்டுமானச் செலவு 23,000 பவுன்.

ஆனால் அதற்குள் வாட்டர்லூ முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பகைவனே இல்லாத கடலில் போர்க்கப்பலுக்கு என்ன வேலை? வழியில் செயின்ட் ஹெலினாத் தீவில், சிறைப்பட்ட நெப்போலியனுக்கு மருத்துவம் பார்த்துவிட்டு நாடு திரும்பிய மருத்துவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, 1819ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் போர்ட்ஸ்மத் துறையை அடைந்தது கப்பல். அடைந்தவுடன் பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை வேய்ந்து, ஓரமாகக் கட்டிவைத்துவிட்டார்கள். ஓராண்டா, ஈராண்டா? கால் நூற்றாண்டு! பிந்திப் பிறந்ததனால் அதற்குப் போர் வாய்க்கவில்லை. போர் வாய்க்காததனால் உடல் சிதையவில்லை. அதன் நீண்ட ஆயுளுக்கு முதற்காரணம் இதுவே என்று கருதுகிறேன்.

1847 முதல் பத்தாண்டுகள் அது கடலோடியது. மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் காவலில் ஈடுபட்டது. பின்னர்ப் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில், தீவுகளுக்கிடையே ஓடும் கடற்கால் ஒன்றுக்கு இக்கப்பலின் நினைவாக டிரிங்கோமலி என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. ஈழத்துத் தமிழூர் ஒன்றின் பெயர், பம்பாய்த் தேக்கின்மேல் ஏறிச் சென்று, பனிபடர்ந்த கரையொன்றில் இறங்கித் தங்கிவிட்டது. அங்குக் குடியேறிய ஈழத்தமிழர் வழிவந்த பிள்ளைகள் பூகோளப் படத்தில் அதனைக் காணும்போது என்ன நினைப்பார்களோ!

அதன்பின் முதுமை தொடங்கியது. 1860களில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் முதலில் சண்டர்லாண்டிலும், பிறகு 1877 வரை ஹார்ட்டில்பூல் துறையிலும் கடற்படை சேமப்படையினர்க்குப் பயிற்சிக்கூடமாக நின்றது. 1897ஆம் ஆண்டில் உடைப்பதற்கென விற்கப்பட்டது. அவ்வாண்டுதான், நெல்சன் ஏறிய பூத்ராயன் என்னும் பழைய கப்பலைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிச் சிறுவர் பயிற்சிக்கெனப் போற்றி வந்த வீட்லி காப் என்னும் செல்வர், அது புயலில் சிக்கி பிளாக்பூல் கரையில் உடைந்துபோக, வேறு கப்பல் தேடிக்கொண்டிருந்தார். உடைப்பவர் கையிலிருந்து டிரிங்கோமலியை அவர் மீட்டு, இழந்த கப்பலின் பெயரையே அதற்கு இட்டார். பெயர் மாறினாலும் உயிர் தப்பியது. முதலில் பால்மத் துறையிலும் பிறகு போர்ட்ஸ்மத் துறையிலுமாக 1986 வரை சிறுவரும் சிறுமியரும் அதில் தங்கிப் படகோட்டவும் முடிச்சுப் போடவும் தட்டைத் தேய்த்துக் கழுவவும் கற்றனர். போர்க்கப்பலாக வாழ்ந்த காலம் பத்தாண்டு. பிள்ளைகளின் பள்ளியாக வாழ்ந்த காலமோ ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு.

போர்ட்ஸ்மத்தில் அதன் பக்கத்தில் இன்னொரு முதிய கலம் கட்டப்பட்டிருந்தது. இம்ப்ளேக்கபிள் என்பது அதன் பெயர். 1800ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கட்டியது. டிரபால்கர்ப் போரில் நெல்சனுக்கு எதிரணியில் நின்று பொருதுவிட்டுத் தப்பி, சில நாட்களில் ஆங்கிலேயரிடம் அகப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்பின் அதன் மரம் நைந்துபோயிற்று. கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அதனை வழங்க முன்வந்தனர். செலவை எண்ணி அஞ்சி, எவரும் ஏற்றிலர். 1949ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பிரெஞ்சுக் கொடியும் ஆங்கிலக் கொடியும் ஒருங்கே பறக்க, நடுக்கடலுக்கு இழுத்துச் சென்று வெடிவைத்தனர். அடிப்பாகம் பிளந்தும் அம்முதிய கலம் உடனே மூழ்காமல் சில மணி நேரம் மிதந்தது. கண்டோர் கலங்கினர். அதன் பின்புற அலங்காரமும் முகப்புச் சிலையும் மட்டும் முன்னரே கழற்றப்பட்டு, இன்று அதே அருங்காட்சியகத்தில் உயர்ந்து நிற்கின்றன. முழுக்கப்பலை ஏற்க இயலாத நிறுவனம் அதன் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

அந்த வெட்கம் வீணாகவில்லை. அவ்வருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த பிராங்க் கார், தேயிலை ஏற்றிப் பறந்த கட்டி சார்க் என்னும் 1869ஆம் ஆண்டுப் பாய்க்கப்பலைக் காக்கும் முயற்சிக்கு முன்னின்றார். அது கிரீனிச்சிலேயே கரையேற்றப்பட்டு 1957ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் தீப்பற்றி எரிந்த பின்னும் மீளச் செப்பனிட்டு 2012ஆம் ஆண்டில் மறுபடி திறந்தனர். கார்ன்வாலிஸுக்கு அப்பேறு கிட்டவில்லை. ஷீர்னஸ் துறையில் நெடுங்காலம் இறங்குதுறை மேடையாகக் கிடந்த பம்பாய்த் தேக்கை, கட்டி சார்க் திறக்கப்பட்ட அதே 1957ஆம் ஆண்டில் உடைத்துவிட்டார்கள்.

டிரிங்கோமலி தப்பியமைக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. ஹார்ட்டில்பூல் ஒரு காலத்தில் கப்பல் கட்டிப் பிழைத்த ஊர். 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்த கிரே கப்பல் தளம் மூடப்பட்டது. கொல்லரும் தச்சரும் வேலையிழந்தனர். 1979ஆம் ஆண்டில், எண்ணெய்த் துறையில் மிதவையாகக் கிடந்த வாரியர் என்னும் 1860ஆம் ஆண்டு இரும்புப் போர்க்கப்பலைச் செப்பனிட அவ்வூருக்குக் கொணர்ந்தனர். எட்டாண்டு உழைப்பில் அது பொலிவு பெற்று 1987ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மத் திரும்பியது. பழங்கப்பலைப் பழுதுபார்க்கும் திறம் பெற்ற கைகள் ஊரில் எஞ்சின. அக்கைகளுக்கு வேலை வேண்டும். அதே ஆண்டில், தான் முன்பு நின்ற அத்துறைக்கே, பெருந்தெப்பம் ஒன்றின்மீது ஏற்றிக் கொணரப்பட்டாள் பம்பாய் மகள். பத்தாண்டுக்கு மேல் நடந்த திருப்பணியின்போது, 1992ஆம் ஆண்டில் பழைய பெயரும் திரும்பியது. மரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ஜம்ஷெட்ஜியின் ஆட்கள் பொருத்திய தேக்கே என்கின்றனர். இன்று அது அரச கடற்படைத் தேசிய அருங்காட்சியகத்தின் ஹார்ட்டில்பூல் கிளைக்கு நடுநாயகம். இன்னும் நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் அதுவே மூத்தது. விக்டரி மூத்ததாயினும் 1922 முதல் உலர்துறையில் நிற்கிறது. உலகளவில் இதனை முந்தி மிதப்பது, முன்னர் இதன் வரைபடங்களை அழித்த கான்ஸ்டிட்யூஷன்! பகை தீர்ந்து, இரு கிழவிகளும் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் வாழ்கின்றனர்.

இனி மற்றைக் கலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல மனம் கூசுகிறது.

ஹார்ட்டில்பூலுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் டைன் ஆறு கடலில் கலக்கிறது. அவ்வாற்றங்கரைத் தளத்தில் 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் ஹெர்குலிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. டிரிங்கோமலி போலவே இதுவும் போர் முடிந்தபின் பிறந்த பிள்ளை. பணி நின்று, பாதியில் கிடந்த அதனை 1957ஆம் ஆண்டில் இந்திய அரசு வாங்கிப் பெல்பாஸ்டில் முடித்தது. 1961ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் விக்ராந்த் என்னும் பெயருடன் நம் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 700 அடி.

1971ஆம் ஆண்டுப் போர் மூண்டபோது அதன் கொதிகலன்களுள் ஒன்று விரிசல் கண்டிருந்தது. முழு வேகம் காட்ட இயலாது. வேகம் இன்றேல் விமானம் தட்டினின்று எழுவது கடினம். ஆகவே அதனைப் போருக்கு அனுப்பலாமா என்றே ஐயுற்றனர். அவ்வாண்டின் நடுவில் சில காலம் சென்னைத் துறையிலும் நின்ற அக்கப்பல், பின்னர் அந்தமான் தீவுகளில் மறைந்திருந்து, டிசம்பர் 4ஆம் நாள் தன் கடற்பருந்து விமானங்களை ஏவியது. சிட்டகாங்கும் காக்ஸ் பஜாரும் தாக்குண்டன. கிழக்கு வங்கத்தின் கடல்வழி அடைபட்டது. அதனைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி என்னும் நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் ஆழ்ந்தது. போரைக் காணாத டிரிங்கோமலியினும் போரை வென்ற விக்ராந்தே காக்கத்தக்கது என்று யாரும் சொல்வர்.

1997ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அது ஓய்வு பெற்றது. 2001 முதல் மும்பைத் துறைமுகத்தில் மிதக்கும் அருங்காட்சியகமாக அவ்வப்போது மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு டிசம்பர் ஞாயிறன்று என் பிள்ளைகளுடன் நெடுநேரம் வரிசையில் நின்று நானும் கண்டேன். மேல்தட்டில் வெயில் தகித்தது. என் இளைய மகன் விமானமேற்றும் தூக்குமேடைக்குள் எட்டிப் பார்த்து, 'அப்பா, இது நம் வீட்டுக்கூடத்தைவிடப் பெரிது' என்றான். நம் வீட்டுக்கூடம் எவ்வளவு என்பதை மும்பைவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உப்புநீரில் நின்ற இரும்புக்கு ஆண்டுதோறும் தோல் தேயும். சில ஆண்டுக்கொரு முறை உலர்துறையில் ஏற்றிச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். அல்லது கரையோரம் கற்காரையில் நிலைநிறுத்த வேண்டும். இரண்டும் நடந்தில. 2012ஆம் ஆண்டில் பாதுகாப்புக் கருதிக் காட்சி நிறுத்தப்பட்டது. பராமரிக்க இயலாது என்று மாநில அரசு கைவிரித்தது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. வழக்குத் தொடுத்தோர் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. அவ்வாண்டு நவம்பரில் தாருக்கானாக் கரையில் உடைக்கத் தொடங்கினர். அதன் இரும்பு உருகி 2016ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் சைக்கிளின் உறுப்பாயிற்று. அதே ஆண்டில் அவ்விரும்பின் சிறுபகுதி கடற்படைத் தளத்தினருகே நாற்சந்தி ஒன்றில் நினைவுச்சின்னமாகவும் நின்றது.

பம்பாயில் பிறந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில் வாழ்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் பிறந்தது பம்பாயில் மாண்டது. இதைக்கொண்டு ஆங்கிலேயர் வரலாற்றைப் போற்றுபவர், நாம் போற்றாதவர் என்று உடனே தீர்ப்பு எழுதுவோர் உளர். நான் உடன்படேன். இம்ப்ளேக்கபிளை வெடிவைத்தவர் யார்? கார்ன்வாலிஸை உடைத்தவர் யார்? நம்மவரும் 2001ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற குர்சுரா என்னும் நீர்மூழ்கியை விசாகப்பட்டினத்துக் கடற்கரை மணலில் ஏற்றி நிறுத்தி, 2002 முதல் காட்சிச்சாலையாக நன்றாகவே நடத்தி வருகின்றனர். சிறியது, கரையேறியது, ஊர் நடுவே நிற்பது, மாலையில் காற்று வாங்க வருவோர் சீட்டு வாங்கி உள்ளே நுழையலாம், ஆகவே நிலைத்தது. விக்ராந்த்துக்கோ, பெருமை பேச ஆயிரம் பேர் இருந்தனர். செலவைச் சுமக்க ஓர் அமைப்பும் நிற்க ஓர் இடமும் கிட்டவில்லை. டிரிங்கோமலியைக் காத்தவர் பெருமை பேசியவர் அல்லர். முதலில் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தேடிய ஒரு செல்வரும், பின்னர் வேலை தேடிய ஒரு கப்பல்கட்டி ஊருமே.

வ.உ.சிதம்பரனார் பெரும்பாடுபட்டு வாங்கி 1907ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் கொணர்ந்த காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களையும் இவ்விடத்தில் எண்ணாமல் இருக்க இயலவில்லை. கம்பெனி நொடித்ததும் காலியா, எந்த ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அக்கம்பெனிக்கே விலைபோயிற்று என்பர். அதைக் கேட்டு அவர் வருந்தியது நமக்குத் தெரியும். நமக்குக் கப்பலோட்டியவர் உண்டு, கப்பல் இல்லை.

ஹார்ட்டில்பூலை நான் கண்டதில்லை. என் தங்கை மகன் நியூகாசில் நகரில் பணிபுரிகிறான். என் தொல்லை தாளாமல் ஒரு விடுமுறை நாளில் சென்று பார்த்து எழுதினான். பழங்காலத் துறைமுகத் தெருவைப் போல் கடைகளும் வீடுகளும் அமைத்து, நடுவே நீர்த்தேக்கத்தில் கப்பலை மிதக்க விட்டிருக்கிறார்களாம். கீழ்த்தட்டில் நிமிர்ந்து நடக்க முடியவில்லையாம். முகப்பில் தலைப்பாகை கட்டிய ஓர் இந்தியரின் உருவம் கடலை நோக்கி நிற்கிறதாம். 'மாமா, தேக்கைத் தொட்டுப் பார்த்தேன். தாத்தா வீட்டு ஊஞ்சற்பலகையின் வழவழப்பு அப்படியே இருக்கிறது. இதைக் கட்டிய துறை மும்பையில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்' என்று முடித்திருந்தான்.

துறை இருக்கிறது. கப்பல்கள் இன்றும் அதனுள் வந்து போகின்றன. ஆனால் அது கடற்படையின் காவலுக்குட்பட்ட இடம். நம்போன்றோர் உள்ளே சென்று படம் எடுத்தல் இயலாது. மறுநாள் அலுவல் முடிந்து திரும்புகையில் அந்நெடுமதிலின் எதிரே, விலக்கின்றிப் படம் எடுக்கத்தக்க ஓரிடம் பார்த்து நின்று, மதிலை மட்டும் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.